பூஜை அலமாரியில் ஓர் இதயம்

எங்கள் அடுக்ககத்தில் ஜன்னல் கொக்கி உடைந்தாலும் குழாய்த் திருகு உடைந்தாலும், மூன்றாம் மாடித் தணிகாசலம் தன் த்ரீடி பிரிண்டரில் புதிதாக அச்சடித்துக் கொடுத்துவிடுவார். ஒரு மாதமாக அவர் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. எனக்கா பொறுக்கும்? நன்றாக இருந்த மிக்ஸி மூடியை நானே உடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு மேஜை முழுக்க வெள்ளை இதயங்கள். அவர் மனைவி அமிர்தவல்லிக்கு இதயத்தில் ஓட்டையாம்; ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். மனிதர் ஸ்கேனை வாங்கிவந்து, கம்ப்யூட்டரில் ஓட்டையை அடைத்து, தினம் ஒன்றாக அச்சடிக்கிறார்.

"இது சரியா வந்திருக்கு பாருங்க" என்று ஒன்றை என் கையில் வைத்தார்.

"வீட்டுக்கு வந்தவங்களுக்குக் காபி குடுக்காம பிளாஸ்டிக்கைக் குடுக்கறார் பாருங்கக்கா" என்று உள்ளே படுத்திருந்த அமிர்தவல்லி மூச்சு வாங்கச் சிரித்தாள்.

வாய் சும்மா இருக்குமா? "ஓட்டையோட அடிச்சது ஒண்ணுகூட இல்லையா?" என்றேன்.

பூஜை அலமாரியைக் காட்டினார். அங்கிருந்த இதயத்தின் ஓட்டையில் செருகிய ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"முதல்ல அடிச்சது. அதைத் தொடக் கூடாதுன்னுட்டா."

பிறகு என் மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதானே, சாயங்காலம் புதுசாவே தந்துடறேன்."