மைதா மாவின் மகிமை

"மைதா மாவால் மூலநோய் குணமாகுமா, டாக்டர் ரோஹிணி?"

ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் காளே, ரோஹிணியின் அறிக்கையை மூடி வைத்தார்.

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இருபது பேர். பத்துப் பேருக்கு மூலிகைப் பொடி அடைத்த மாத்திரை, மீதிப் பத்துப் பேருக்கு வெறும் மைதா. யாருக்கு எது, என்ன மூலிகை, எதையும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆறே வாரத்தில் இருபது பேருக்கும் ரத்தப்போக்கு நின்றுவிட்டது!

"ரெண்டு பக்கமும் ஒரே பலன்னா உங்க மூலிகைக்கு ஆதாரம் ஏது? தீசிஸை மறந்துடுங்க."

இரண்டு வருட உழைப்பு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவளே செடி வளர்த்து, இலையைப் பறித்து, உலர்த்திப் பொடித்தாள். முள்வேலி போட்டும், வாரா வாரம் யாருடைய ஆடோ புகுந்து மொட்டையடித்தது. அதற்குத் தப்பிய இலையில் செய்த மருந்து!

மறுநாளே கட்கி குவார்ட்டர்ஸுக்கு ஸ்கூட்டரை விட்டாள். மைதா பட்டியலில் முதல் பெயர் கந்தசாமி.

"உண்மையைச் சொல்லுங்கண்ணா. வேற மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா! கையெழுத்தே வாங்கினீங்களே. ஆறு மாசம் நின்னுக்கிட்டே டீ குடிச்சவன், இப்ப பாருங்க, ஜம்முனு உட்கார்ந்திருக்கேன். உங்க மாத்திரை அமிர்தம்!"

ரோஹிணி பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னா டாக்டரம்மா, வாட்டமா கீறீங்க? ஒரு வாய் சாப்ட்டுப் போங்க."

கந்தசாமியின் மனைவி கனகவல்லி. தொழிற்சாலைக்கு மதியச் சாப்பாட்டு டப்பா அனுப்புபவள்; அந்த இருபது பேருக்கும் அவள் கைச் சாப்பாடுதான். சோற்றின் மேல் கீரைக் கடைசலை ஊற்றிய கையெல்லாம் கீறல்.

"உங்க மாத்திரை சாப்பிடற இருபது பேருக்கும் தெனம் இதான் தனியா வெச்சு அனுப்புனேன். எங்க ஊர்ல மூலம்னா இந்தக் கீரைதான்."

ரோஹிணியின் கை தட்டிலேயே நின்றது. "வேற மருந்து கூடாதுன்னு சொன்னேனே!"

"அய்ய, கீரையப் போயி மருந்துன்றீங்களே! சோறும்மா இது!"

"எங்கே வாங்கினீங்க?"

"மார்க்கெட்ல ஏது? வாரா வாரம் இந்தாள உங்ககிட்ட இட்டுனு வரப்போ பறிச்சினு வருவேன். யாரோ புண்ணியவான், உங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னால முள்வேலியெல்லாம் போட்டு பாத்தி பாத்தியா வளத்து வெச்சிருக்கான்!"