பழைய ஸ்டாக்

"இந்தக் கலரை யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?" என்றார் அத்தை.

மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. ஒரு நிமிடம் முன்புதான் அந்த ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்து, "அழகா இருக்குல்ல அத்தை?" என்று காதோடு காதாகச் சொல்லியிருந்தாள். வாடாமல்லி நிறம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த நிறம் என்றால் உயிர்.

திங்கட்கிழமை புது வேலையில் சேர வேண்டும். ஆபீஸில் ஏசி எலும்புவரை இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். "வா, நானே ஒரு ஸ்வெட்டர் எடுத்துத் தரேன்" என்று அத்தை கிளம்பியபோதே அவளுக்கு உள்ளுக்குள் உதறல்தான். வீட்டில் அத்தைக்குப் பட்டப்பெயரே 'பாதிவிலை'. ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருபது வருஷம் இருந்து, பஞ்சு முதல் படுக்கை விரிப்பு வரை பேரம் பேசி வாங்கிப் போட்டவர்.

"இதுக்கு எண்ணூறா? கண்ணைக் குத்துது. பழைய ஸ்டாக் வேற. ஒரு தடவை துவைச்சா பொம்மைக்குத்தான் போடலாம்."

"அம்மா, அது நேத்து சாயங்காலம் வந்த சரக்கு," என்றார் கடைக்காரர், மனம் நொந்து.

"நீங்கதான் சொல்லிக்கணும். அந்தச் சாம்பல் கலரைக் காட்டுங்க. அது என்ன விலை?"

"அதைப் பாதி விலைக்குப் போட்டிருக்கோம். நானூறு."

"இதுதான் ஸ்வெட்டர்," என்று அத்தை அதைத் தடவிக் கொடுத்தார். "அழுக்குத் தெரியாது. பத்து வருஷம் உழைக்கும். என்னம்மா, உனக்குப் பிடிச்சிருக்குல்ல?"

பிடிக்கவில்லை. மழையில் நனைந்த சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது. ஆனால் கல்யாணமாகி மூன்றே வாரம். என்ன சொல்ல முடியும்?

"நல்லா இருக்கு அத்தை."

ஸ்வெட்டர்கூடப் பெரிதில்லை. நான்கு நாள் முன்பு அத்தை தன் தங்கையிடம் போனில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. "உன் மருமக தங்கம்டீ. எனக்கு வாய்ச்சது ஒல்லிக்குச்சி. டீ போட்டா வெந்நீர். கதவைச் சாத்தினா வீடே ஆடுது."

அன்றிலிருந்து டீயில் இரண்டு ஸ்பூன் தூள் கூடப் போடுகிறாள். கதவை இரண்டு கையாலும் பிடித்துச் சாத்துகிறாள். ஆனாலும், 'இவங்களுக்கு என்னைப் பிடிக்கவே இல்லையோ' என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

"சரி, சாம்பலைக் கட்டுங்க," என்றார் அத்தை. "இந்த வாடாமல்லி உங்ககிட்டயே கிடக்கப் போகுது, பாருங்க. நானூறுக்குக் கொடுத்தாக்கூட நான் ரெண்டு தடவை யோசிப்பேன்."

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஐநூறு. அதுக்குக் கீழ ஒரு பைசா குறையாது. வேணும்னா எடுத்துக்குங்க."

"கட்டுங்க. சாம்பல் வேண்டாம்."

கடைக்காரர் வாயை மூடுவதற்குள் பணம் மேஜைமேல் இருந்தது. மருமகள் அப்போதுதான் கவனித்தாள். இத்தனை நேரமும் அந்த வாடாமல்லி ஸ்வெட்டர் அத்தையின் இடது கையை விட்டு இறங்கவே இல்லை. ஒரு கை சாம்பலைத் தடவிக்கொண்டிருந்தபோதும் மறுகை இதன் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தது.

தெருவுக்கு வந்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"அத்தை, இது நல்லா இல்லைன்னு சொன்னீங்களே?"

"அட அசடே. உள்ள நுழைஞ்சதுமே எனக்கும் இதுமேலதான் கண்ணு. பிடிச்சிருக்குன்னு மூஞ்சியில காட்டினா விலை இறங்குமா? பிடிக்காததைப் புகழணும், பிடிச்சதைக் கரிச்சுக் கொட்டணும்." அத்தை பெருமூச்சு விட்டார். "இருபது வருஷப் பழக்கம். இப்பல்லாம் எங்க வாயைத் திறந்தாலும் அப்படியேதான் வருது."

மருமகளின் நடை மெதுவானது. தங்கையின் மருமகள் தங்கம். தன் மருமகள் ஒல்லிக்குச்சி. அவள் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். கேட்கத் தைரியம் வரவில்லை.

தெருமுனையில் அடுத்த தெரு டீச்சர் எதிரே வந்தார்.

"புது மருமகளா? சிலை மாதிரி இருக்காளே."

"கிட்ட வந்து பாருங்க டீச்சர்," என்று அத்தை ஆரம்பித்தார். "ஊதினா பறந்துடுவா. டீ போட்டா கஷாயம். கதவைத் திருடன் மாதிரி சத்தமே இல்லாம சாத்துறா. எப்ப வரா, எப்பப் போறான்னே தெரியல."

நேற்றாக இருந்திருந்தால் அவளுக்குக் கண் நிறைந்திருக்கும். இன்று அவள் குனிந்து பார்த்தாள். அத்தையின் இடது கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

டீச்சருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றப் பார்த்தார். "நீ சொல்லும்மா. மாமியார் எப்படி?"

மருமகள் ஒரு கணம் யோசித்தாள். சொல்லலாமா, கூடாதா? சொல்லிவிட்டாள்.

"சுமார்தான் டீச்சர். பழைய ஸ்டாக்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை திரும்பி மருமகளை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தார். உதட்டோரம் துடித்தது.

"பார்த்தீங்களா டீச்சர், வாய் வேற நீளம்," என்றார்.

மணிக்கட்டில் பிடி இன்னும் இறுகியது.