பதினோரு மணிப் பாட்டு

"ஹலோ அண்ணே, கதவத் திறங்க! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்க்காம நான் போறதில்ல."

சாரக்காரன் இரண்டாவது தடவை கதவைத் தட்டினான். வேலை முடிந்து நேராக வந்திருந்தான். தலைமுடியில் சிமெண்ட் தூசி. தோளில் சாரம் கட்டும் கயிறு அப்படியே தொங்கியது.

பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். மேடைக்கு மேடை "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிச் சொல்லி, 'ஹலோ' என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது.

கதவு திறந்தது.

"என்ன தம்பி, மூச்சு வாங்குது? தண்ணி குடிக்கிறியா?"

"தண்ணி வேணாம். தூக்கம்தான் வேணும். ராத்திரி பதினோரு மணிக்கு எவனாவது பாட்டுப் போடுவானா?"

"பாக்ஸ் டெஸ்ட் பண்ணணுமே தம்பி. மேடையில கரகரன்னு கேட்டா எனக்குத்தானே திட்டு?"

"ஆறு மாசமா தினமும் டெஸ்ட்டா? அப்படி என்னண்ணே உங்க பாக்ஸு, எத்தனை டெஸ்ட் வச்சாலும் பாஸே ஆகமாட்டேங்குது?"

மாடிப்படியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹலோவுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. சாரக்காரன் சிரிக்கவில்லை.

"முதல்ல முணுமுணுன்னு வச்சீங்க. சரி போகட்டும்னு பொறுத்துக்கிட்டேன். வாரத்துக்கு வாரம் சத்தத்தக் கூட்டிக்கிட்டே போறீங்க. நேத்து எங்க அலமாரியில டம்ளர் எல்லாம் ஆடுது. அரை மணி நேரம். அதுக்கப்புறம் எனக்கு எங்க தூக்கம் வரும்?"

"பாட்டு பிடிக்கலைன்னா வேற பாட்டுப் போடுறேன். நேரத்த மட்டும் மாத்தச் சொல்லாத தம்பி."

"நான் என்ன நேயர் விருப்பமா கேட்டு வந்திருக்கேன்?" சாரக்காரன் ஓரடி முன்னால் வந்தான். "இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா? எட்டாவது மாடியில சாரம் கட்டிக்கிட்டிருந்தேன். கண்ணு சொருகிடுச்சு. போட்ட முடிச்சு சரியா இறுகல. பலகை நழுவி, கீழ நின்னவன் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு. ஒரு சாண்தான்! நாளைக்கும் இப்படித் தூங்கி வழிஞ்சா மேல ஏறாத, அப்படியே வீட்டுக்குப் போயிடுன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. வேற வேலை எனக்குத் தெரியாதுண்ணே."

ஹலோவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இன்னொண்ணும் கேட்டுக்கங்க. எங்க பொண்ணு போயி இன்னும் வருசம் திரும்பல. நமக்கு நடுவுல இருக்குறது ஒரே செவுரு. இந்தப் பக்கம் இழவு வீடு, அந்தப் பக்கம் நீங்க கச்சேரி வைக்கிறீங்க. மனுசன்தானா நீங்க?"

தையல்காரம்மாவின் ஊசி நின்றது.

ஹலோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் பார்வை சாரக்காரனின் தோளைத் தாண்டிப் போனது. அங்கே, அடுத்த வாசலில், அவன் மனைவி ஈரக்கையோடு நின்றிருந்தாள். எப்போதும் "விடுங்க, அது அவர் பொழப்பு" என்று பரிந்து பேசுகிறவள் இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பலகை நழுவிய கதையை அவளும் இப்போதுதான் கேட்கிறாள். ஹலோவைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் மெதுவாகத் தலையசைத்தாள்.

"சரி தம்பி," என்றார் ஹலோ. "இன்னைக்குப் போடல."

அன்று ராத்திரி பதினோரு மணி ஆனது. பாட்டு இல்லை. டம்ளர் ஆடவில்லை. 'நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டாத்தான் புத்தி வருது' என்று நினைத்தபடி சாரக்காரன் திரும்பிப் படுத்தான்.

கண் மூடி வரும்போது அந்தச் சத்தம் கேட்டது. பூனைக்குட்டி எங்கேயோ மாட்டிக்கொண்டதுபோல. நின்றது. மறுபடி வந்தது. எழுந்து போனான்.

சமையலறையில் விளக்கு இல்லை. பொதுச் சுவரில் முதுகைச் சாய்த்து மனைவி உட்கார்ந்திருந்தாள். மகளின் பழைய கவுன் ஒன்றைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள்.

அவனைப் பார்த்ததும் பதறி அதை உருவினாள். "முழிச்சிட்டீங்களா? வெளிய சத்தம் வரலைன்னு நெனச்சேன்."

"தினமுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அடக்கத்தான் பார்க்குறேன். நாளாக நாளாக அதிகமாத்தான் வருது. அந்த அண்ணன்கிட்ட நான்தாங்க கேட்டுக்கிட்டேன், கொஞ்சம் சத்தமா வைங்கன்னு. உங்க காதுல விழக்கூடாதே. நீ அழுதா மேல ஏறும்போது எனக்குக் கை நடுங்குதுன்னு சொன்னீங்கல்ல?"

சொன்னதுதான். மகளைப் புதைத்த மூன்றாம் நாள், வேலைக்குக் கிளம்பும்போது, இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னது. அன்றும் அவன் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை.

செருப்புக்கூடப் போடாமல் வெளியே போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினான். விழித்துக் காத்திருந்தவர்போல ஹலோ உடனே திறந்தார்.

"தம்பி, நான் இன்னைக்குப் போடவே இல்லையேப்பா!"

சாரக்காரன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். தரையில் நிற்கும்போதே அவன் கை நடுங்கியது.

"போடுங்கண்ணே. நேத்தவிடக் கொஞ்சம் கூட்டியே வைங்க. இன்னைக்கு நாங்க ரெண்டு பேரு."