வீட்டுக்காரர் கொடுத்த நம்பர்

"விக்கிறவரே கொடுத்த நம்பர். இந்தம்மா நம்ம பக்கமா பேசப்போறாங்க?" என்று வாசலிலேயே மனைவியின் காதைக் கடித்தான் கணவன். வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு புரோக்கர் எதற்கு என்பதே அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

புரோக்கர் பெண்மணி உள்ளே நுழைந்ததும் கூடத்துப் பீரோவைக் காட்டினாள். "இதைக் கொஞ்சம் நகர்த்துங்க சார்."

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே," என்றார் வீட்டுக்காரப் பெரியவர்.

"நகர்த்துங்க."

பீரோவுக்குப் பின்னால் புதுப் பெயின்ட் பளபளத்தது. அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "சுவர்ல ஈரம் ஏறியிருக்கு. மாடிக் குழாய் கசியுது."

"அது மழை ஈரம்."

"மழையே பெய்யலையே சார்."

வெகுநேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுப் பெரியவர் இறங்கிவந்தார். "சரி, குழாயை மாத்தித் தர்றேன்."

அவள் போன் பேச வாசலுக்குப் போனதும் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "உங்களையே இப்படி வறுத்தெடுக்கிறாங்களே, தெரிஞ்சேதான் நம்பர் கொடுத்தீங்களா?"

பெரியவர் சிரித்தார். "உங்களுக்கு இது முதல் வீடு. நான் எது சொன்னாலும் தலையாட்டுறீங்க. விக்கணும்னு வந்துட்டா என் வாய் தானா பொய் சொல்லுதும்மா. அதைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்ல?"

சொல்லிவிட்டுப் பீரோவுக்குத் தோள் கொடுத்தார்.

வாசலிலிருந்து குரல் வந்தது. "அப்பா, தனியாத் தள்ளாதீங்க. அப்புறம் இடுப்பு வலிக்கலைன்னு பொய் சொல்வீங்க."