உறவுமுறை: தானே

இந்தக் காலத்தில் எவனும் ஆளை நிமிர்ந்து பார்த்துப் பேசுவதில்லை, அதனால்தான் இத்தனை தப்பு நடக்கிறது என்று கிழவர் முணுமுணுத்தார். பதிவு அலுவலகக் குமாஸ்தா அதற்கும் நிமிரவில்லை.

கிழவரின் அண்ணன் செத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. குடியிருந்த வீடு அண்ணன் பெயரில் இருந்தது. இறப்புச் சான்றிதழைக் காட்டினால்தான் அது தம்பி பெயருக்கு மாறும். மாறாவிட்டால் இந்த வயதில் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

“அதைக் காலையிலயே வாங்கிட்டுப் போயிட்டாங்களே, பெரியவரே.”

“எந்தக் களவாணி? எங்க அண்ணனுக்குன்னு இருக்கிறது நான் ஒருத்தன்தான்யா.”

குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பி வைத்தார். ‘இறந்தவருக்கு என்ன உறவு’ என்ற கட்டத்தில் ‘தானே’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் பெருவிரல் ரேகை. ரம்பம் பட்டு அண்ணனின் விரலில் விழுந்த தழும்பு, ரேகையின் நடுவே வெள்ளைக் கோடாக ஓடியது. மை இன்னும் காயவில்லை.

“செத்தவன் வந்து கைநாட்டு வைப்பானா? உனக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?”

“கட்டம் காலியா இருக்கக் கூடாதுங்க. என்ன உறவுன்னு கேட்டேன், நான்தான்னாரு, எழுதிக்கிட்டேன்.”

“எனக்கு இன்னொண்ணு அடிச்சுக் குடு.”

“அசல் அவர்கிட்டதான இருக்கு? கேட்டு வாங்கிக்குங்க. வீட்டுலதான் இருப்பேன், தம்பி வந்தா அனுப்பி வைங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.”

“எவனோ உன் காதுல நல்லா பூ சுத்தியிருக்கான்.”

கிழவர் படியிறங்கினார். செத்தவனாவது வருவதாவது, எல்லாம் பித்தலாட்டம் என்று சொல்லிக்கொண்டே, வீட்டுக்குப் போகும் சாலைக்கு முதுகைக் காட்டி நடந்தார்.