தனிக்கூண்டின் பாட்டில்

ஆய்வுக்கூடத்து எலி அறையின் தரையில் காலை வெயில் நீளமாகக் கிடக்கிறது. தமயந்தி தன் சொந்தப் பூட்டைத் திறந்துகொண்டு நேராகப் பாட்டில்களிடம் போகிறாள். இரண்டிலும் நேற்று மாலை அவளே ஊற்றிய, மார்ஃபின் என்ற போதைமருந்து கலந்த சர்க்கரைத் தண்ணீர். மரத்தூளும் தகர டப்பாக்களும் போட்ட பெரிய பெட்டியில் எட்டு எலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளையாடுகின்றன. அவற்றின் பாட்டில் விரலளவுகூடக் குறையவில்லை. பக்கத்துக் கம்பிக்கூண்டில் ஒற்றை எலி. அதன் பாட்டில் மட்டும் காலி. ஒரு வாரமாக இதே கதை. தீவனம் போடும் ஆம்ப்ரோஸ்தான் மருந்தைத் திருடுகிறார் என்று டைரக்டரிடம் சொல்வதற்கு முன், அதை உறுதிசெய்துகொள்ளத்தான் நேற்று பூட்டை மாற்றினாள்.

“பூட்டு உங்களுது, சாவி உங்க பேக்ல. நான் ராத்திரி பூரா நீலசந்திராவுல, எங்க வீட்டுல. இப்ப யாரு மேடம் குடிச்சது?” வாசலில் நின்றபடியே கேட்கிறார் ஆம்ப்ரோஸ்.

அவள் ஜன்னலுக்குப் போய்க் கொக்கியைத் தடவுகிறாள். பல மாதமாக யாரும் தொடாத தூசி விரலில் அப்பிக்கொள்கிறது. பின்னால் ஒற்றை எலி காலிப் பாட்டிலின் குழாயை டக் டக்கென்று கடிக்கிறது.

“ஒண்டியா கெடக்குது. அதுக்கு வேற என்னதான் இருக்கு மேடம்?”

“அதை எடுத்துப் பெரிய பெட்டியில விடுங்க ஆம்ப்ரோஸ்,” என்கிறாள். அவர் இரண்டடி வைப்பதற்குள், “இல்ல, இருங்க. நானே விடறேன்.”