இருட்டின் வேகம்

“எதிர்வீட்டு வாசல் லைட்டு இன்னும் எரியலையே?” அடுப்படி ஜன்னலில் நின்றபடி கேட்டாள் பாண்டிசெல்வி.

“தெனமும் விளக்கு வைக்கிற நேரத்துல, லைட் ஸ்பீடுல வந்து மூஞ்சியில அடிக்குன்னு ஏசுவ. இன்னைக்கு நிம்மதியா இரேன்” என்றான் கணவன் பொன்னுராஜ்.

அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் அறிவியல் ஆசிரியர். ராஜபாளையம் வீட்டுக்கு விடைத்தாள்களைக் கொண்டுவந்து திருத்திக்கொண்டிருந்தான்.

“இங்க பாரு, ஒரு பய எழுதியிருக்கான். ‘ஒளி ஒரு செகண்டுக்கு மூணு லட்சம் கிலோமீட்டர் போகும். அப்ப இருட்டு எம்புட்டு வேகத்துல போகும் சார்?’ இதுக்கு என்ன மார்க் போட?”

அவள் காதில் அது விழவில்லை.

“காலையில கோலம் போட்டாவ. பொறவு ஆளையே காணலையே.”

“ஊருக்குப் போயிருப்பாவ.”

“செருப்பு வாசல்லதான் கெடக்கு.”

அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினாள். கதவைப் படபடவென்று தட்டினாள்.

“எக்கா! எக்கா, கதவைத் தொற!”

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் முறிந்த பேச்சு. அதன் பிறகு இன்றைக்குத்தான் வாயில் ‘அக்கா’ வந்தது.

கதவு உடனே திறந்தது.

“உடம்புக்கு என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்.”

“பொறவு ஏன் லைட்டுப் போடல?”

அக்கா சுவிட்சைத் தட்டினாள். தங்கையின் முகத்தை வெளிச்சத்தில் ஆசைதீரப் பார்த்தாள்.

“ஒம்பது வருசமா போட்டுப் போட்டுப் பாத்தேன், நீ வரல. இன்னைக்குப் போடாம இருந்து பாத்தேன். அஞ்சே நிமிசத்துல வந்துட்டியேட்டி!”